தொப்பியைத் தொட்டாலும் திறக்காதே

போன மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் விருந்தாளியாக இருந்தேன். பெண்ணின் தகப்பன் மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்கினார். பாதியில் குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. சவுண்ட் மேசையில் இருந்த தம்பி உடனே ஒரு வீணை இசையைப் போட்டு அந்த இடைவெளியை நிரப்பினார். சனம் கைதட்டியது. தகப்பன் சொல்ல வந்த மிச்சத்தைச் சொல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். தம்பி என்னிடம் வந்து, "எப்பிடி அங்கிள், சேவ் பண்ணிட்டன் பாத்தீங்களா?" என்று கேட்டார். கலியாண வீட்டில் சண்டை எதற்கு என்று, "சாப்பிட்டீரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இது நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு. மிக்சர், மைக், வயர் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் லொறி நிறைய ஏற்றிக்கொண்டு போன சாமானை நீங்கள் ஒரு தோள்பையில் கொண்டுவருகிறீர்கள். காதுக்கும் கைக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை எந்தக் கருவியும் சொல்லித் தராது. எனக்கு அதைக் காட்டியவர் ஒரு பாடகி.

பெயர் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் கனடாவில் கார் ரேடியோவைப் போட்டவர்கள் எல்லோரும் அவருடைய குரலைக் கேட்டிருப்பார்கள். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுப் பாடுபவர். தொப்பி, நீளச் சப்பாத்து, தோளில் கிட்டார். அந்தக் காலத்தில் ரொறன்ரோவுக்கே அந்தத் தொப்பிக் காய்ச்சல் பிடித்திருந்தது. மாட்டைப் படத்தில் மட்டும் கண்டவர்கள் எல்லாம் இடையனைப் போல உடுத்திக்கொண்டு மதுச்சாலைகளில் வரிசையாக நின்று காலை உதைத்து ஆடினார்கள். நான் அப்போது சவுண்ட் சாமான்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பனியில் லொறி ஏற்றி இறக்குவதில் தொடங்கி, மெல்ல மெல்ல மேசைக்கு வந்து சேர்ந்திருந்தேன். வழமையாகப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் என்னை அந்தப் பாடகியின் நிகழ்ச்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியவன். அங்கே ஸ்பீக்கர் கட்டுவது கோயிலுக்குள் நிற்பவனுக்காக இல்லை. அடுத்த ஊர்க்காரனுக்குக் கேட்க வேண்டும், கேட்டு அவனுக்கு வயிறு எரிய வேண்டும். பாட்டுக்கு எக்கோ போடாத சவுண்ட்காரனை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். அந்தப் படிப்போடு போய் இருந்தவன் அந்த அம்மாவின் குரலுக்கும் தாராளமாக எக்கோவை ஊற்றினேன். இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். மேசைப் பக்கம் பார்த்து மைக்கிலேயே சொன்னார்: "அங்க இருக்கிறவர், நான் ஏதோ கிணத்துக்குள்ள விழுந்திட்டன் போல கிடக்கு. தயவுசெய்து என்னை வெளியில தூக்கி விடுங்கோ."

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே படிந்து கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எக்கோவை முழுதாக எடுத்தேன். அப்போதுதான் அந்தக் குரல் தெரிந்தது. பெரிய குரல் என்று சொல்ல முடியாது. உயரப் போகும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் இருக்கும். பக்கத்துக் கதிரையில் இருந்து எமக்கு மட்டும் ஒரு விசயத்தைச் சொல்வது போல இருக்கும். நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டும்போது அவரே மேசைக்கு வந்தார்.

"என்ர பாட்டில ஒரு கதை இருக்கு. கதை சொல்லுற ஆளுக்கு எதிரொலி எதுக்கு? கிட்ட இருந்து சொன்னாப் போதும்."

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"மன்னிப்பை விடு. எடு எண்டவுடன எடுத்தாய். முந்தி இருந்தவர் என்னோட வாதாடுவார்."

அடுத்த நிகழ்ச்சிக்கும் என்னையே கேட்டார். பிறகு கம்பனியில் இருந்து என்னைத் தன் குழுவுக்கே எடுத்துக்கொண்டார்.

நிகழ்ச்சிக்கு முன்னால் பின்னேரத்தில் சவுண்ட் செக் செய்வது உங்களுக்குத் தெரியும். உலகம் முழுக்கப் பாடகர்கள் மைக்கில் "வன், டூ, த்ரீ" என்று எண்ணுவார்கள். நம்மவர்கள் "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்ப்பார்கள். இவர் இரண்டும் செய்ததில்லை. வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்று தன்னுடைய கதை ஏதாவது ஒன்றைச் சொல்வார். காரணம் கேட்டதற்கு, "எண்ணுற குரல் வேற, சொல்லுற குரல் வேற. சனத்துக்கு முன்னால நான் சொல்லப் போறன். நீ அந்தக் குரலை எல்லோ சரிபாக்க வேணும்" என்றார்.

அப்படித் துண்டு துண்டாக, ஒவ்வொரு ஊர் மண்டபத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக, அவருடைய வாழ்க்கை எனக்குத் தெரிய வந்தது. ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பன் நிலத்துக்கடியில் வேலை. பின்னேரம் அவர் கொண்டுவரும் தகரச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவுவது இவருடைய பொறுப்பு. அந்தப் பெட்டியில் எப்போதும் ஒரு கடி ரொட்டி மிச்சம் இருக்குமாம். மகளுக்கென்று விட்டு வைப்பார். படிப்பு முடியுமுன்னே ஒரு மோட்டலில் கட்டில் விரிக்கப் போனார். அவசரப்பட்டு ஒரு கலியாணம் கட்டினார். குடிகாரன். ஒரு காலைப்பொழுதில் கிட்டாரை மட்டும் பழைய காரில் போட்டுக்கொண்டு தெற்கே புறப்பட்டுவிட்டார். தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடும் மதுச்சாலைகளில், ஒருவரும் திரும்பிப் பார்க்காத மூலைகளில் பாடினார். தகப்பன் இறந்த பிறகு அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். அதுதான் அவரை ஊரறிய வைத்தது. என் மனைவி மலருக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இஞ்சருங்கோ, இது ஆரோ பிள்ளை தகப்பனைத் தேடுற பாட்டெல்லோ?" என்று கேட்டாள். அவ்வளவு தெளிவான பாட்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சிற்றூர்ச் சந்தைத் திடலில், பாட்டு நடக்கும்போது ஜெனரேட்டர் படுத்துவிட்டது. ஸ்பீக்கர் செத்தது. நான் விழுந்தடித்துக்கொண்டு வயர்களுக்குள் தலையை விட்டேன். அவர் பாட்டை நிறுத்தவில்லை. மேடையால் இறங்கி, வைக்கோல் கட்டுகளின் நடுவே நடந்துகொண்டே பாடினார். நான் காதில் போட்டிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வேலையில்லாத மனிதனாக நின்று கேட்டேன். கருவி ஒன்றும் நடுவில் இல்லாமல் அந்தக் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் தரம். களைத்தால் எப்படி இருக்கும், எங்கே மூச்சு எடுப்பார், எங்கே நடுங்கும் என்பதெல்லாம் என் காதில் பதிந்தது. நீங்கள் யாருக்குச் சவுண்ட் செய்கிறீர்களோ, அவரை ஒரு தடவையாவது மைக் இல்லாமல் கேட்டு வையுங்கள். பிறகு அவர் குரலுக்கு நீங்கள் செய்யும் எதுவும் அந்தக் குரலுக்குத் துரோகமாகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

புகழ் கூடக் கூட மேடையும் பெரிதானது. வயலின்காரர், பெரிய டிரம்ஸ், ஆட்டக்காரர்கள் என்று ஆள் சேர்ந்தது. கூடவே ஒரு ஒலிநாடாவும் வந்தது. பின்னணிக் குரல்களும் தந்தி வாத்தியங்களும் அதில் பதிவாகி இருக்கும். பாட்டோடு சேர்ந்து அது ஓடும். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, பலரும் செய்ததுதான். ஆனால் அந்த நாடாவின் ஒரு தடத்தில் பாடகியின் சொந்தக் குரலும் இருந்தது. ஸ்ரூடியோவில் பாடிய, குறையே இல்லாத குரல். அதற்கென்று என் மேசையில் ஒரு பொத்தான். அதைத் திறந்தால், மேடையில் அவர் வாயை அசைத்தால் போதும், சனத்துக்கு ஸ்ரூடியோக் குரல் கேட்கும். அதை ஏற்பாடு செய்தவர் அவருடைய மனேஜர். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மதுச்சாலைக் காலத்தில் இருந்தே கூட இருந்தவர், பாடகிக்காக ஓடி ஓடி உழைத்தவர். பயந்த மனிதர், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டிய காலமும் வந்தது. ஒரு வசந்தத்தில் பாடகியின் குரல் கம்மத் தொடங்கியது. தொண்டையில் முடிச்சு என்றார்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஒப்பரேஷன் செய்ய வேண்டும், அதன் பிறகு பழைய குரல் வருமென்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்தக் கோடையில் ரொறன்ரோவில் ஏரிக்கரைத் திறந்தவெளி அரங்கில் பெரிய நிகழ்ச்சி. அமெரிக்காவில் இருந்து இசைத்தட்டுக் கம்பனிக்காரர்கள் வந்து பார்க்க இருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அமெரிக்கா முழுக்கக் கதவு திறக்கும். அதுவரைக்கும் இழுத்துப் பிடிப்போம் என்று மனேஜர் சொன்னார். பாடகியும் தலையாட்டினார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. இருக்காதா?

மனேஜர் ஒரு சைகையும் ஏற்பாடு செய்தார். மேடையில் குரல் கைவிட்டால் பாடகி தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட வேண்டும். கண்டவுடன் நான் பொத்தானைத் திறக்க வேண்டும். என் முன்னாலேயே பாடகி, "ஓம், சரி" என்றார்.

நிகழ்ச்சியன்று பின்னேரம் மனேஜர் கம்பனிக்காரரை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போய்விட்டார். வாத்தியக்காரர் சாப்பிடப் போயிருந்தார்கள். சவுண்ட் செக்குக்குப் பாடகி தனியே வந்தார். கையில் தேன் விட்ட கோப்பி. வெறும் அரங்கு, பின்னால் ஏரி, கதிரை துடைக்கும் ஆட்கள் இரண்டொருவர். மைக்கின் முன்னால் நின்று, வழமை போலத் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். அது வரைக்கும் சொல்லாத ஒரு கதை.

"என்ர அம்மா எங்கட ஊர்த் தேவாலயப் பாட்டுக்குழுவில பாடுறவ. நல்ல குரல். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க கழுத்தில ஒரு ஒப்பரேஷன் செய்தவை. பிறகு குரல் தவளை மாதிரிப் போச்சுது. பாட்டுக்குழுவை நடத்தினவர் நல்ல மனிசன். அம்மாவை வெளியில போ எண்டு சொல்லேல்லை. பின்வரிசையில நிண்டு வாயை மட்டும் அசையுங்கோ, அதுவே போதும், காணும் எண்டவர். அம்மா ஓம் எண்டிட்டா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் அவவுக்குப் பக்கத்தில நிப்பன். அவவின்ர வாய் அசையும். சத்தம் வராது. சனம் எல்லாம் அவவைப் பாத்துச் சிரிக்கும், அவவும் சிரிப்பா. வீட்ட வந்து ஒரு சொல்லும் கதைக்க மாட்டா."

கோப்பியில் ஒரு வாய் குடித்தார். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"மனேஜருக்கு ஓம் எண்டு சொன்னது அவற்ற பயத்தைத் தணிக்க. உனக்கு இப்ப சொல்லுறன், வடிவாக் கேள். நான் தொப்பியைத் தொட்டாலும் திறக்காத. நானே கேட்டாலும் திறக்காத. அப்ப நான் பயத்தில கேப்பன். இப்ப பயமில்லாமச் சொல்லுறன்."

நான் மேசையில் இருந்த சின்ன மைக்கில், "ஓம்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் இருவரையும் அந்தக் கதிரை துடைப்பவர்களையும் தவிர அதைக் கேட்டது ஏரிதான்.

அரங்கு நிறைந்தது. வெயில் சாயும் நேரத்தில் தொடங்கினோம். முதல் பாதி எப்படியோ ஓடியது. குரலின் கிழிசல் பெரிதாகிக்கொண்டு வருவது எனக்குக் கேட்டது. கம்பனிக்காரர் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். மனேஜர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். தகரப் பெட்டிப் பாட்டு வந்தது. தகப்பன் விட்டுவைத்த ரொட்டியைப் பாடும் வரியில் குரல் மேலே ஏற வேண்டும். ஏறியது, பாதியில் ஒரு சத்தம், துணி கிழிவது போல. பிறகு ஒன்றுமில்லை.

வாத்தியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. சனம் இன்னும் முழுதாகக் கவனிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, இரண்டு விரலால் தொப்பியைத் தொட்டார்.

என் விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. திறக்கவில்லை.

மறுபடியும் தொட்டார். இந்த முறை விரலை எடுக்கவில்லை. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளே, நான் பயத்தைப் பல இடத்தில் கண்டவன், ஊரிலும் கண்டவன். இப்படிக் கெஞ்சும் கண்ணை அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. மனேஜர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"திற! அவ கேக்கிறா, கண் தெரியேல்லையா உனக்கு? திற!"

அவர் கையை நீட்டித் தானே திறக்கப் பார்த்தார். நான் என் உள்ளங்கையால் அந்தப் பொத்தானை மூடினேன். மற்றக் கையால் டிரம்ஸைக் கீழே இறக்கினேன். வயலினை இறக்கினேன், நாடாவில் இருந்து வந்த எல்லாவற்றையும் இறக்கினேன். பாடகியின் கிட்டாரையும் மைக்கையும் மட்டும் விட்டு, மைக்கை மெல்ல மெல்ல மேலே தூக்கினேன். அவர் மூச்சு விடுவது அரங்கு முழுக்கக் கேட்டது.

அவருக்கு ஒளிய இடமில்லாமல் போய்விட்டது. அதைச் செய்தவன் நான். அவர் தொப்பியில் இருந்த விரலை எடுத்தார். பிறகு கிட்டாரை மீட்டிக்கொண்டு அந்தப் பாட்டின் மிச்சத்தைப் பாடாமல் சொன்னார். கரகரத்த அடிக்குரலில், வசனமாக, ஒவ்வொரு சொல்லாக. மோட்டல், பெட்டி, தகப்பன், ரொட்டி.

அரங்கு எழுந்து நின்று கண்ணீர் விட்டது என்று நான் எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. சிலர் அசையாமல் கேட்டார்கள். சிலர் விசிலடித்தார்கள். காசு கொடுத்து வந்தவன் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனான். மூன்றாம் வரிசையில் கம்பனிக்காரரின் கதிரைகள் பாட்டு முடியுமுன்பே வெறுமையாகிவிட்டன. அவர் பாட்டைச் சொல்லி முடித்தார், தொப்பியைக் கழற்றிச் சனத்துக்குத் தலை வணங்கினார், உள்ளே போனார். மிச்சப் பாட்டுகள் இல்லை.

மனேஜர் அந்த இடத்திலேயே என்னை வேலையால் நிற்பாட்டிவிட்டார். சாமானைக் கட்டிவிட்டு நான் மேடைக்குப் பின்னால் போனேன். பாடகி ஒரு கதிரையில் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தார். குரல் இல்லை, குசுகுசுப்பாகத்தான் பேசினார்.

"நான் கேட்டனான். நீ பாத்தனி."

"பாத்தனான்."

"பிறகேன்?"

"பின்னேரம் நீங்கள் சொன்னனீங்கள்…"

"பின்னேரம் சொன்னவள் கோப்பியைக் கையில வச்சுக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டவள். அங்க நிண்டவள் நான்."

நான் வெளியே வந்தேன். 

அமெரிக்கக் கதவு மூடிக்கொண்டது. பத்திரிகைகள் அவரைக் கைகழுவிவிட்டன. ஒப்பரேஷன் நடந்தது என்று கேள்விப்பட்டேன். நான் ஸ்காபரோவில் குணம் அண்ணையிடம் போய்ச் சேர்ந்தேன். கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் சவுண்ட் கொடுப்பவர் அவர். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"உனக்கென்ன விசரோடா? ஒரு பொத்தான். அமத்தியிருந்தா அவவும் தப்பியிருப்பா, நீயும் தப்பியிருப்பாய். சனத்துக்கு என்ன தெரியப் போகுது?"

"சனத்துக்குத் தெரியாது அண்ணை. அவவுக்குத் தெரியும்."

"உது சினிமாக் கதை. வயரைச் சுத்து."

மலர் வேறு விதமாகச் சொன்னாள். "நீங்கள் செய்தது சரியோ பிழையோ எனக்கு விளங்கேல்லை. ஆனா அந்த மனிசி அவ்வளவு சனத்துக்கு முன்னால தனிய நிண்டவ. அதை நினைக்க எனக்குச் சோறு இறங்குதில்லை." எனக்கும் இறங்கவில்லை. அந்த வருடம் முழுக்க, கலியாண மண்டபங்களில் மைக் கொடுக்கும்போதெல்லாம் தொப்பியைத் தொட்ட அந்த இரண்டு விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

நான் செய்தது சரியென்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. சொல்ல வருவது வேறு. நீங்கள் இருக்கும் மேசைக்கும் இது வரும். ஒரே மனிதர் அமைதியாக இருக்கும்போது ஒன்று சொல்வார், பயந்து நிற்கும்போது அதற்கு மாறாகக் கேட்பார். இருவரில் யாருக்கு நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்பதை அந்த நொடியில் முடிவெடுக்க முடியாது. முன்னாலேயே முடிவெடுத்திருக்க வேண்டும். முடிவெடுத்த பிறகு அவர் அடைந்த வலியில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். "நான் சொன்னபடிதானே செய்தேன்" என்று சொல்லிக் கை துடைக்கக் கூடாது. பொத்தானைத் திறப்பதும் திறக்காததும் இரண்டாம் பட்சம். ஆனால் யோசிக்காமல் வீணை இசையைப் போடாதீர்கள்.

அடுத்த வருடம் ஒரு நாள் மத்தியானம் வீட்டில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சொரசொரவென்று ஒரு குரல் என் பெயரைச் சொன்னது. ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

"ஆர் கதைக்கிறது?"

"கிணத்துக்குள்ள விழுந்தவள்."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்தினேன். அவர் தொடர்ந்தார்.

"திரும்பப் பாடப் போறன். சின்னச் சின்ன மண்டபங்கள், தேவாலய மண்டபங்கள். நானும் இன்னும் ரெண்டு பேரும்தான். நாடா இல்லை, பொத்தான் இல்லை. வருவியோ?"

"வாறன்." பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். "என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"இல்லை" என்றார் உடனே. "ஆனா வேற ஆரும் இருக்கிற மேசையைப் பாத்துப் பாட எனக்குப் பயமாக் கிடக்கு. ரெண்டும் உண்மைதான். உனக்கு விருப்பமெண்டா வா."

போனேன். பழைய உயரம் அந்தக் குரலில் இல்லை. எல்லாப் பாட்டையும் இறக்கி, பாதி பாடியும் பாதி பேசியும் செய்தார். கூட்டம் சின்னது, ஆனால் வந்தவர்கள் கடைசி வரை இருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஒன்றைத் தவிர. முதல் நாள் சவுண்ட் செக்கில் அவர் மைக்கின் முன்னால் வந்து நின்றார். நான் கதைக்காகக் காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வன், டூ, த்ரீ" என்றார். "காணுமா?" என்று கேட்டார். காணும் என்றேன். இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான். எந்த ஊர் மண்டபம் ஆனாலும் வன், டூ, த்ரீ. கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் சிரித்துப் பேசுவார், மலரின் சுகம் விசாரிப்பார். மைக்கில் மட்டும் எண்ணுவார். அந்த மூன்று எண்ணும் எனக்கு வசவு மாதிரி விழுந்தன. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பனி கரையும் காலத்தில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் ஒரு தேவாலய மண்டபம். மடக்குக் கதிரைகளை இன்னும் விரிக்கவில்லை. அவர் வந்து நின்றார். "வன்" என்றார். நின்றுவிட்டார். மைக்தான் பழுது என்று நினைத்து நான் குனிந்து வயரைப் பார்க்கப் போனேன்.

"நேற்று அம்மாவைப் பாக்க ஊருக்குப் போனனான்."

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை எல்லோ, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். பின்வரிசையில பக்கத்தில நிண்டன். அவவின்ர வாய் அசையுது, சத்தமில்லை. அம்மா, சத்தமாப் பாடுங்கோ எண்டன். மாட்டன் எண்டு தலையை ஆட்டினா. நான் என்ர இந்தப் புதுக் குரலில பாடத் தொடங்கினன். எவ்வளவு அசிங்கமான குரல் எண்டு உனக்குத் தெரியும் தானே. அவ என்னைப் பாத்தா. பிறகு தானும் பாடினா. தவளை மாதிரித்தான். ரெண்டு தவளை. பாட்டு முடியும் வரைக்கும் நிப்பாட்டேல்லை அவ."

மண்டபத்தில் வேறு சத்தம் இல்லை. அவர் மூச்சு எடுப்பது கேட்டது. வைக்கோல் கட்டுகளின் நடுவே பாடியபோது எடுத்தாரே, அதே மாதிரித்தான் இப்போதும் எடுத்தார்.

"கேக்குதா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க ஒரு பொத்தானும் இல்லை. மேசையில் இருந்த சின்ன மைக்கை எடுத்து, அழுகிற குரலிலேயே சொன்னேன்.

"கேக்குது."